காகிதக் குவளை



ஜூன் மாத முதல் ஞாயிறை ஆண்டுதோறும் நாம் சுற்றுச்சூழல் ஞாயிறாக ஆசரித்து வருகிறோம். இவ்வாண்டின் நிகழ்ச்சிநிரல் குருசேகரக் கமிட்டியின் முன் வைக்கப்பட்டிருக்கிறது. மரக்கன்று நடுதல், சிறுவர் ஓவியப் போட்டி, மஞ்சப்பை வழங்குதல், வெளியூரிலிருந்து ஒரு சிறப்புச் செய்தியாளர். இவற்றுள் எதையும் நான் குறைகூற வரவில்லை. (மரக்கன்று நடும் குழி மட்டும் மூன்றாண்டுகளாக ஒன்றாகவே இருப்பதை உங்களில் சிலர் கவனித்திருக்கக்கூடும்.) ஆயினும் அந்த நிரலில் ஒரு மாற்றத்தைக் கோர விரும்புகிறேன். அதற்கான காரணத்தைக் கமிட்டியில் பேசுவதற்கு முன்பாக உங்கள் அனைவர் முன்பும் வைப்பது முறையென்று எண்ணுகிறேன். அந்தக் காரணம் என் சொந்த வீட்டிலிருந்து தொடங்குகிறது.

கடந்த ஆண்டு மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியின் நான்காம் நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆலயத்தின் பின்புறம், விறகு அடுக்கியிருந்த இடத்தில் ஒரு பாம்பு தென்பட்டது. ஏறத்தாழ ஆறடி நீளம். பிள்ளைகள் அலறினர். வாலிபர் சங்கத்துத் தம்பிகள் இருவர் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினர். நானும் அங்கே நின்றேன், தடுக்கவில்லை. பாம்பென்றால் அடிக்கத்தக்கது என்ற எண்ணம் நம் சபைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தை வாசித்து வளர்ந்த நமக்கு அந்தக் கோபத்துக்கு ஒரு வேதாதாரமும் கிடைத்துவிடுகிறது.

நல்லவேளையாக நம் ஆலயப் பணியாளர் முந்திக்கொண்டு, ஏரிக்கரையை ஒட்டிக் குடிசைகளில் வாழும் இருளர் குடும்பங்களிடம் ஓடினார். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் தம் பேத்தியுடன் வந்தார். விறகுக்குள் கைவிட்டு, வாலைப் பிடித்து, அவசரமின்றி வெளியே எடுத்தார். "சாரைங்க சாமி. வெசம் கிடையாது. எலி திங்க வந்திருக்குது. இத்த அடிச்சீங்கன்னா எலி பெருகும், எலி பெருகினா அத்தத் தேடி நல்லது வரும்" என்றார். நல்லது என்று அவர் சொன்னது நல்ல பாம்பை.

அதன்பின் நடந்தது அரை மணி நேர வகுப்பு. அறுபது பிள்ளைகள் அவரைச் சுற்றி அமர்ந்துவிட்டனர். பாம்புக்குக் காது கேட்குமா, அது பழிவாங்குமா, பால் குடிக்குமா என்று கேட்டனர். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். தரையில் விரலால் கோடிட்டு, எந்தப் பாம்பு எப்படி ஊர்ந்தால் எந்தத் தடம் விழும் என்று காட்டினார். கட்டுவிரியன் இரவில்தான் உலாவும், ஆகையால் தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர்கள் கவனமாயிருக்க வேண்டும் என்றார். பாம்பு கடித்தால் கடிவாயை அறுக்காதே, உறிஞ்சாதே, கயிறு போட்டு இறுகக் கட்டாதே, ஓடாதே, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் மருத்துவமனைக்குப் போ என்று அவருடைய பேத்தி சேர்த்துச் சொன்னாள். ஐந்து நாள் வகுப்பில் நாங்கள் தயாரித்துக் கொடுத்த பாடங்களில் எதையும் பிள்ளைகள் அவ்வளவு கவனமாகக் கேட்கவில்லை.

பிறகு தேநீர் வந்தது. பெண்கள் ஐக்கிய சங்கம் அவ்வாண்டு இருநூறு எவர்சில்வர் டம்ளர்களை வாங்கித் தந்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகளும் 2019 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்டிருப்பதை முன்னிட்டு அந்த நல்ல காரியத்தைச் செய்தனர். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பொருள்களைத் தவிர்ப்போம் என்று பிள்ளைகள் வண்ணத்தில் எழுதிய பலகை மண்டபச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் டம்ளரில் தேநீர் கொடுக்கப்பட்டது. அந்தப் பெரியவருக்கும் அவர் பேத்திக்கும் மட்டும் எங்கிருந்தோ இரண்டு காகிதக் குவளைகள் வந்தன. அவர்கள் மண்டபத்துக்குள் வராமல் வேப்பமரத்தடியில் நின்றபடியே குடித்துவிட்டு, குவளைகளைக் கசக்கித் தங்கள் கையிலேயே எடுத்துச் சென்றனர்.

அந்தக் குவளைகள் எங்கிருந்து வந்தன என்று நான் பிறகு விசாரித்தேன். என் குருமனைச் சமையலறையின் மேல்தட்டிலிருந்து வந்தவை. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. யாரும் எண்ணியே பார்க்கவில்லை என்பதுதான் அதில் என்னை அதிகமாக வருத்துகிறது. நானும் அங்கே டம்ளரைப் பிடித்தபடி நின்றிருந்தேன்; இரவு படுக்கைக்குச் சென்ற பின்னரே அது எனக்கு உறைத்தது.

அன்று நம் பிள்ளைகள் சுற்றுச்சூழலைப் பற்றி மட்டுமல்ல, மனிதரைப் பற்றியும் ஒரு பாடத்தைப் பெற்றார்கள். தெரிந்தவர் ஒருவரிடமிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவரை வெளியே நிறுத்திவிடலாம் என்பதே அந்தப் பாடம். முதலாவதைச் சொற்களால் கற்றார்கள். இரண்டாவதைப் பெரியவர்கள் செய்கையால் காட்டினோம்.

அன்பானவர்களே, இந்த மக்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது மிகக் குறைவு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் மாவட்டங்களில் நமக்கு மிக அருகிலேயே வாழ்கிறார்கள். இருந்தும் அவர்கள் கதையை அமெரிக்கப் பத்திரிகைகள் நம்மைவிட அதிகமாக எழுதியிருக்கின்றன. ஆகவே சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

ஒரு காலத்தில் இருளர்களின் முதன்மையான வருமானம் பாம்புத்தோல். அவர்கள் பிடித்துக் கொடுத்த பாம்புகளின் தோல் வியாபாரிகள் கைமாறிக் கடல்கடந்து சென்று, மேலைநாட்டுக் கைப்பைகளாகவும் காலணிகளாகவும் இடுப்புவார்களாகவும் ஆயிற்று. பிடித்தவருக்குக் கிடைத்தது சில்லறைக் காசு. 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொடர்ந்து பாம்புத்தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. சட்டம் தேவையானதே, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தத் தோலை விரும்பி அணிந்த தூரதேசத்துச் சீமாட்டி வேறொரு கைப்பையை வாங்கிக்கொண்டாள். தோல் வியாபாரி வேறு சரக்குக்கு மாறினார். பாம்பைப் பிடித்துக் கொடுத்தவனுடைய அடுப்பு அணைந்தது. உலகச் சந்தை ஒரு மக்களை எப்படிச் சேர்த்துக்கொள்கிறது, எப்படிக் கைவிடுகிறது என்பதற்கு நான் அறிந்த எடுத்துக்காட்டுகளில் இது மிகத் தெளிவான ஒன்று.

1977 அக்டோபரில், அன்றைய சோவியத் ஒன்றியத்தின் ஜார்ஜியாவிலுள்ள திபிலிசி நகரில் யுனெஸ்கோ நிறுவனம் சுற்றுச்சூழல் கல்விக்கென்றே ஓர் உலக மாநாட்டைக் கூட்டியது. சுற்றுச்சூழல் கல்வி பள்ளிக்குள் மட்டும் நிற்கலாகாது, எல்லா வயதினருக்கும் உரியதாக வேண்டும், கற்பவர் வாழும் இடத்தின் பிரச்சினைகளிலிருந்து தொடங்க வேண்டும் என்று அம்மாநாடு அறிவித்தது. நல்ல வார்த்தைகள். அடுத்த ஆண்டே, 1978-இல், மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. இந்த இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவுமில்லை. ஆனால் திபிலிசியில் தாளில் எழுதப்பட்டது வடநெம்மேலியில் மண்பானைக்குள் நடந்தேறியது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அந்தச் சங்கம் உருவாகத் துணைநின்றவர் ராமுலஸ் விட்டேக்கர். அமெரிக்காவில் பிறந்து, சென்னைப் பாம்புப் பண்ணையையும் முதலைப் பண்ணையையும் நிறுவியவர். தாம் பாம்புகளைப் பற்றி அறிந்தவற்றுள் பெரும்பகுதியை இருளர்களிடமிருந்தே கற்றதாக வெளிப்படையாகச் சொல்லி வந்தவர். பாம்பைக் கொன்று தோலை விற்பதற்குப் பதிலாக, உயிரோடு பிடித்து விஷத்தை எடுத்துவிட்டு, மீண்டும் காட்டில் விடலாம் என்பதே அங்கு கண்டடைந்த வழி. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசு அனுமதித்த எண்ணிக்கைக்குள் பிடிக்கிறார்கள். வாயைத் துணியால் கட்டிய மண்பானைகளில் சுமார் மூன்று வாரம் வைத்திருக்கிறார்கள். அதற்குள் சில முறை விஷம் எடுக்கிறார்கள். பிறகு, அதே பாம்பை உடனே மறுபடியும் பிடித்துவிடாதபடி வயிற்றுச் செதிளில் ஓர் அடையாளமிட்டு விட்டுவிடுகிறார்கள். உறையவைத்து உலர்த்தப்பட்ட அந்த விஷம் மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே அதைச் சிறு சிறு அளவில் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து விஷமுறிவு மருந்து செய்கிறார்கள். நம் நாட்டில் தயாராகும் இம்மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி நெடுங்காலமாக இந்த ஒரு சங்கத்திலிருந்தே சென்றிருக்கிறது.

இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் மரிக்கிறார்கள் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இறப்பவர்களில் பெரும்பாலோர் கிராமத்தவர். வயலில் வெறுங்காலோடு நடக்கிறவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2017-இல்தான் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஏழையின் நோய் பட்டியலுக்கு வர அத்தனை காலம் பிடிக்கிறது. நம் சபையிலும் நெல்லறுவடைக் காலத்தில் கடிபட்டு, அரசு மருத்துவமனையில் பிழைத்து, ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் நரம்பில் ஏறிய அந்த மருந்தின் தொடக்கத்தில், பெரும்பாலும், ஓர் இருளர் மனிதரின் கை இருந்தது.

இன்னொன்றையும் கேளுங்கள். தென்கிழக்கு ஆசியாவுக்குரிய பர்மிய மலைப்பாம்பை அமெரிக்காவில் செல்லப்பிராணியாக விற்றார்கள். வளர்த்தவர்கள் சலித்துப்போய் விட்டவையும் தப்பியவையும் புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகி, அங்குள்ள சிறு விலங்குகளை விழுங்கித் தீர்த்தன. விஞ்ஞானிகள், வேட்டைக்காரர்கள், மோப்ப நாய்கள் எனப் பலவற்றையும் முயன்றவர்கள், 2017 ஜனவரியில் நம் மாவட்டத்திலிருந்து வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரண்டு இருளர்களை வரவழைத்தார்கள். அங்குள்ளவர்கள் பெரும்பாலும் கரைச்சாலைகளில் வண்டியில் சென்று தேடுவது வழக்கம். இவர்கள் நேரே அடர்ந்த புதருக்குள் நடந்தார்கள். தடத்தையும் எச்சத்தையும் பார்த்துச் சென்றார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. அவற்றுள் ஒன்று 16 அடி நீளமுள்ள பெண் பாம்பு. 2023-இல் இந்திய அரசு அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருதளித்தது.

செய்தியைப் பார்த்து நாமும் மகிழ்ந்தோம். வாட்ஸ்அப் குழுவில் கைதட்டும் படங்கள் வந்தன. என்றாலும் விருது பெற்றவர்களின் சொந்த மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று யாரும் அந்தக் குழுவில் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. 2019-ஆம் ஆண்டு ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களில் கொத்தடிமைகளாக இருந்த 40-க்கும் மேற்பட்ட இருளர்கள் மீட்கப்பட்டனர். மீட்கச் சென்ற அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கும்பிட்ட படத்தை நீங்கள் பத்திரிகையில் பார்த்திருக்கக்கூடும். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே இயற்றப்பட்டது. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கரிமூட்டத்திலும் முன்பணம் வாங்கிக்கொண்டு மாட்டிக்கொண்ட குடும்பங்கள் இன்றும் அவ்வப்போது மீட்கப்படுகின்றன. அவர்கள் பெரும்பாலும் வெட்டும் சீமைக்கருவேலமும், அதன் பெயரே சொல்வதுபோல, அந்நிய மண்ணிலிருந்து வந்த மரந்தான். நிலத்தடி நீரைப் பற்றி நாம் கவலைப்படும்போது அந்த மரத்தைத் திட்டுகிறோம். அதை வெட்டுகிறவனுடைய கூலியைப் பற்றிப் பேசுவதில்லை.

இந்த இடத்தில் நம் சுற்றுச்சூழல் கல்வியைப் பற்றி எனக்குள்ள மனவருத்தத்தைச் சொல்ல வேண்டும். பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென்று 1991-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பலனாக நம் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது. கடந்த ஆண்டு ஓவியப் போட்டிக்கு வந்த படங்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன். நாற்பத்தொரு படங்களில் இருபத்தாறில் பனிக்கரடி இருக்கிறது. உருகும் பனிப்பாளத்தின் மேல் கண்ணீரோடு நிற்கிறது. பனிக்கரடியின் துன்பம் உண்மையானது. அதை நான் எள்ளி நகையாடவில்லை. ஆனால் ஒரு படத்தில்கூட நம் ஊர் ஏரி இல்லை. ஏரிக்கரையில் வாழும் மனிதர்களும் இல்லை. உலகமெங்கும் ஒரே படம், ஒரே வாசகம், ஒரே சுவரொட்டி. இணையத்திலிருந்து இறக்கிக்கொண்ட அந்தக் கவலையில் நம் அண்டை வீட்டாருக்கு இடமில்லாமல் போகிறது. அண்டை வீட்டாருக்கு இடமில்லாததால் அவர்களுடைய அறிவுக்கும் இடமில்லை. மழைக்கு முன் ஈசல் எந்தப் புற்றிலிருந்து கிளம்பும், எலிவளையில் நெல் எவ்வளவு ஆழத்தில் இருக்கும், எந்த வேர் எதற்கு மருந்து என்பதையெல்லாம் அறிந்தவர்களை நாம் சுற்றுச்சூழல் ஞாயிறன்று நினைத்தால், அரிசிப் பை கொடுக்கும் பயனாளிகளாக மட்டுமே நினைக்கிறோம்.

அவர்களைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று நாம் சொல்லும்போது, நம் மேசையில் அவர்களுக்கு ஓர் இடம் தருவதாக எண்ணுகிறோம். அவர்கள் நமக்குக் கற்பிக்க, நாம் கற்றுக்கொள்ளும் நிலைக்கு இறங்குவதை நாம் சேர்த்துக்கொள்ளுதல் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இரண்டாம் இராஜாக்கள் புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரத்தை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். சீரியாவின் படைத்தலைவன் நாகமான், அவனுடைய குஷ்டரோகம், எலிசா, யோர்தானில் ஏழுமுறை முழுகுதல். கதை முழுவதும் ஒரு சிறுபெண்ணின் வாயிலிருந்து தொடங்குகிறது. இஸ்ரவேல் தேசத்திலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டு நாகமானின் மனைவிக்குப் பணிவிடை செய்தவள். அரண்மனை அறியாததை அவள் அறிந்திருந்தாள், சொன்னாள், எஜமான் சுகமடைந்தான். அவளுடைய விசுவாசத்தைப் பாராட்டி நான் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். சுகமடைந்து ஊர் திரும்பிய அந்த மனிதன் அவளை விடுதலை செய்தானா என்று ஒருமுறையும் கேட்டதில்லை. வேதம் அதைப் பற்றி மவுனமாக இருக்கிறது. அவளுடைய பெயரையும் சொல்லவில்லை. காகிதக் குவளையைப் பார்த்த பின்பு அந்தக் கேள்வியைத் தாண்டி அந்த அதிகாரத்தை என்னால் வாசிக்க முடிவதில்லை. யாருடைய அறிவினால் பிழைத்தோமோ அவர்களுடைய விடுதலையைப் பற்றிப் பிழைத்தவர்கள் கேட்டாக வேண்டும் அல்லவா?

சென்ற கமிட்டிக் கூட்டத்துக்குப் பின் மூத்த உறுப்பினர் ஒருவர் என்னிடம் தனியாகப் பேசினார். "ஐயா, பாம்பு பிடிப்பதையும் எலி பிடிப்பதையும் நாம் மேடையேற்றிப் புகழ்ந்தால், அவர்கள் பிள்ளைகளும் அதையே செய்துகொண்டிருக்க வேண்டும் என்று சொல்வதுபோல் ஆகாதா? நம் முன்னோர் அப்படி ஒரு தொழிலுக்குள் அடைக்கப்பட்டிருந்தவர்கள்தானே? படிப்புதானே நம்மை வெளியே கொண்டுவந்தது?" என்றார். இது எளிதில் தள்ளக்கூடிய கேள்வியன்று. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒரு மக்களின் அறிவைப் போற்றுகிறோம் என்ற பெயரில் அந்த மக்களைக் காட்சிப்பொருளாக்கிவிடுவது எளிது. நாமும் அதைச் செய்துவிடக்கூடும்.

அவருக்கு நான் அந்தப் பேத்தியைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். அவள் பத்தாம் வகுப்பு தேறியவள். பாலிடெக்னிக்கில் சேர விரும்பினாள். பழங்குடியினர் சான்றிதழ் இல்லாததால் உதவித்தொகைக்கும் விடுதிக்கும் வழியில்லாமல் இரண்டாண்டாக வீட்டிலிருக்கிறாள். பழங்குடியினருக்கான சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர் நிலையில்தான் வழங்குவார்கள். அவளுடைய தந்தைக்கும் சான்றிதழ் இல்லை. ஆகையால் ஆதாரமென்று காட்ட வீட்டில் தாள் எதுவுமில்லை. ஓர் அலுவலகத்தில் அவளைப் பார்த்து, "நீ இருளர் என்றால் பாம்பு பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்குத் தெரியாது. தாத்தாவின் தொழிலைச் சட்டம் நிறுத்திப் பல ஆண்டுகளாகிவிட்டன. பாம்பைப் பற்றிய செய்திகளெல்லாம் அவள் தாத்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை, பிடித்ததில்லை. தெரியாது என்று சொன்னதும் மனு திரும்பி வந்துவிட்டது.

நம் மூத்த உறுப்பினர் அஞ்சியது இதுதான், மூர்க்கமான வடிவில். அந்த அறிவு அவளுக்குச் சோறும் போடவில்லை. அவளை வெளியே போகவும் விடவில்லை. ஆகவே அவர்கள் எந்தத் தொழிலில் இருக்க வேண்டும் என்று நாம் முடிவுசெய்ய வேண்டியதில்லை. அந்தப் பெண் இயந்திரவியல் படிக்கட்டும், கணினி படிக்கட்டும். அவளுடைய தாத்தா அறிந்ததை நம் பிள்ளைகளும் அறியட்டும். அறிந்தவருக்குரிய மரியாதையோடு அறியட்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று எனக்குத் தோன்றவில்லை. நாம் ஒன்றைச் செய்து மற்றதை விட்டால்தான் முரண்.

இன்னும் ஒரு தெளிவு தேவை. மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் கூடித் தங்கள் கன்னியம்மாவை வணங்குகிற மக்கள் அவர்கள். நாம் அவர்களிடம் போவது ஆள்சேர்க்க அன்று. சான்றிதழுக்கு உதவி செய்துவிட்டு ஞாயிறு ஆராதனைக்கு வரச் சொல்வோமானால், அது டம்ளருக்குப் பதில் நாம் நீட்டும் இன்னொரு குவளை.

நான் கமிட்டியில் கேட்கவிருப்பது இவ்வளவே. வெளியூர்ச் செய்தியாளருக்குப் பதிலாக அந்தப் பெரியவரை இவ்வாண்டு அழைக்க வேண்டும். செய்தியாளருக்குக் கொடுக்கும் அதே அன்பளிப்பு, அதே சால்வை, அதே வாகனம், மதிய உணவில் அதே பந்தி. ஓவியப் போட்டிக்கு, ஏரிக்கரையில் ஒருநாள் நடந்து கண்டவற்றையே பிள்ளைகள் வரைய வேண்டும். சுற்றுச்சூழல் நிதியில் மரக்கன்றுக்கென ஒதுக்கிய தொகையில் பாதியை அந்தக் குடியிருப்புப் பிள்ளைகளின் சான்றிதழ், கல்விச் செலவுகளுக்கு மாற்ற வேண்டும். மூன்றாவது கோரிக்கைக்கு எதிர்ப்பு இருக்கும் என்பதை அறிவேன். குழி ஒன்றுதான் என்பதை அப்போது நினைவூட்டுவேன்.

அழைக்க நானே சென்றிருந்தேன். காகிதக் குவளையைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. "அது பழக்கந்தானே சாமி" என்றார். அவர் சொன்னது எங்கள் பழக்கத்தையா, அவருக்குப் பழகிப்போனதையா என்று எனக்கு விளங்கவில்லை, கேட்கவும் துணிவில்லை. மேடையேறிப் பேச வரமாட்டேன் என்றார். "நின்னுக்கிட்டுப் பேசினா எனக்கு ஒண்ணும் வராது. பசங்கள காலையில ஆறு மணிக்கு ஏரிக்கு அனுப்புங்க. நடந்துக்கிட்டே சொல்றேன். செருப்பு போட்டுக்கிட்டு வரச்சொல்லுங்க." பிறகு, பேத்தியின் தாளைப் பற்றி ஏதேனும் செய்ய முடியுமா என்று கேட்டார்.

வரும் செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பிள்ளையோடும் அவள் தந்தையோடும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குச் செல்கிறேன். நம் சபையில் வழக்கறிஞராக இருக்கும் சகோதரி உடன்வர இசைந்திருக்கிறார். வருவாய்த் துறையில் பணிசெய்து ஓய்வுபெற்றவர்கள் யாரேனும் இருந்தால் திங்கள் மாலைக்குள் என்னைக் குருமனையில் சந்தியுங்கள். எந்தெந்தத் தாள்களை எடுத்துச் செல்ல வேண்டுமென்று கேட்டறிய வேண்டியிருக்கிறது. அன்று மாலை வேதபாட வகுப்புக்கு நான் திரும்பத் தாமதமானால் செயலர் வகுப்பைத் தொடங்கி நடத்துவார். வாசிக்க வேண்டிய பகுதி, இரண்டாம் இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரம்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆயர்